பழைய லேண்ட் ரோவரில் சார்ஜ் ஏறவில்லையா? பாகம் வாங்குமுன் மீட்டரை எடுங்கள்

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள், செல்ஃப் எடுக்கவில்லை. உடனே மனதில் வருவது ‘பேட்டரி போச்சு’ என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது பேட்டரி வாங்கிப் போட்டேன், மூன்றாம் நாள் அதுவும் இறங்கிவிட்டது. வண்டியைப் பார்த்த பட்டறையில், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் பாக்ஸை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகு எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங்குக்குக் (சுருளை மறுபடி சுற்ற) கொடுத்தேன். ஆறு வாரம் வண்டி அசையவில்லை. கடைசியில் கோளாறு இருந்தது கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து தகட்டுக்குப் போகும் விரல் நீளக் கறுப்பு வயர் ஒன்றில். அதன் லக்குக்கு (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) அடியில் களிம்பு ஏறி, பார்க்க இறுக்கமாக இருந்தாலும் மின்சாரம் போகாமல் இருந்தது.

அந்த ஆறு வாரம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலான கோளாறுகளை ஒரு மதியத்தில் பிடித்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். காசில்லாத சோதனைகளை முன்னாலும் காசு கேட்கும் வேலைகளைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

1. உங்களிடம் இருப்பது எந்த வண்டி?

சீரீஸ் 1 (1948 முதல் 1958 வரை), சீரீஸ் 2, சீரீஸ் 2ஏ வண்டிகளில் டைனமோ இருக்கும். 1971-இல் வந்த சீரீஸ் 3-இல் அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர். ஆனால் ஐம்பது வருடத்தில் பல கை மாறிய வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. பானெட்டைத் தூக்கிக் கண்ணால் பாருங்கள். நீளமாக, மூடிய குழாய் போல இருந்தால் டைனமோ. குட்டையாக, தடிப்பாக, காற்றுப் போகப் பிளவுகளோடு, பின்னால் பிளாஸ்டிக் மூடியோடு இருந்தால் ஆல்டர்னேட்டர்.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கிறது என்பது. பழைய சீரீஸ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேஸியில் இணைந்திருக்கும். 1967-ஐ ஒட்டித்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். பேட்டரியிலிருந்து சேஸிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் தொடங்குகிறது என்று பார்த்து, பானெட்டின் உட்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இதைத் தப்பாக நினைத்துக்கொண்டு செய்யும் ஒரு வேலை, இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாக் கோளாறுகளையும் விட அதிகச் செலவு வைக்கும்.

ராணுவத்துக்காக ரேடியோ பொருத்தத் தயாரித்த 24 வோல்ட் வண்டி உங்களுடையது என்றால் இங்கே உள்ள எண்கள் அதற்குப் பொருந்தாது.

காகிதங்களில் இரண்டு அவசியம். ஒன்று, உங்கள் சேஸி எண்ணுக்கும் அதன் பின்னால் வரும் எழுத்துக்கும் பொருந்தும் வயரிங் படம். சீரீஸ் 2ஏ என்று பொதுவாகப் போட்டிருக்கும் படம் போதாது. இடையிடையே மாற்றங்கள் வந்திருக்கின்றன. இரண்டு, ஒரு நோட்டு. எடுக்கும் ஒவ்வொரு அளவையும் தேதியோடு எழுதுங்கள். வயரைக் கழற்றுமுன் போட்டோ எடுங்கள்.

2. கருவி, நேரம், செலவு

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், இரண்டு வயர் நீட்டிய ஒரு 12 வோல்ட் பல்பு, ஸ்பேனர்கள், ஒரு வயர் பிரஷ், மெல்லிய உப்புத்தாள், இன்சுலேஷன் டேப். இவ்வளவுதான். பாசிட்டிவ் எர்த் வண்டியில் மீட்டர் கம்பிகளை மாற்றிப் பிடித்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், வேறொன்றும் ஆகாது.

நேரத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகும். இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில் ஏற்ற ஓர் இரவு வேண்டும், அதன்பின் சில மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். மற்ற சோதனைகளுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். ரீவைண்டிங்குக்குக் கொடுத்தால் மட்டும் வாரக்கணக்காகும்.

செலவை ஏறுவரிசையில் சொன்னால்: லக், பல்பு, உப்புத்தாள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பெல்ட்டும் கார்பனும் (டைனமோவுக்குள் உரசி மின்சாரம் எடுக்கும் கட்டை) அதற்கு மேல். கண்ட்ரோல் பாக்ஸ் கையைக் கடிக்கும். டைனமோ ரீவைண்டிங் அல்லது முழு ஆல்டர்னேட்டர் பெரிய செலவு. கோளாறுகள் அடிக்கடி வருவது முதல் வரிசையில், நாம் பணம் கொடுப்பதோ கடைசி வரிசையில்.

3. முதலில் பேட்டரி

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் கழித்து முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால் பாகம், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி. நன்றாக ஏற்றியும் மறுநாளே தானாக 12.2-க்கு இறங்கினால் பேட்டரியே கெட்டுவிட்டது. செல்ஃப் எடுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தாலும் சந்தேகப்படலாம்.

பேட்டரி வாரன்டி கேட்கப் போகிறீர்கள் என்றால் ரசீதோடு இந்த அளவுகள் எழுதிய நோட்டையும் கொண்டு போங்கள். சார்ஜ் ஏறாத வண்டியில் முழுக்க இறங்கிக் கிடந்த பேட்டரிக்கு வாரன்டி மறுக்கப்படலாம். எனவே சார்ஜிங் கோளாறு தீரும்வரை புது பேட்டரியை வண்டியில் வைக்காதீர்கள். பழையதிலேயே சோதியுங்கள்.

நிறுத்தி வைத்தாலே இறங்குகிறது என்றால் பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் அந்த 12 வோல்ட் பல்பைப் பிடியுங்கள். இந்த வண்டிகளில் எல்லாவற்றையும் அணைத்தபின் மின்சாரம் குடிக்க எதுவும் இல்லை. பல்பு எரிந்தால் எங்கோ கசிகிறது. ஃபியூஸ்களையும், கண்ட்ரோல் பாக்ஸுக்குப் போகும் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தப் பாதைதான். இதற்கு மல்ட்டிமீட்டரின் ஆம்பியர் பக்கத்தை எடுத்தவுடன் பயன்படுத்த வேண்டாம். கசிவு பெரிதாக இருந்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

4. பெல்ட்

இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மி.மீ. இறங்க வேண்டும். உட்பக்கம் பளபளவென்று இருந்தால் வழுக்குகிறது, மாற்றுங்கள். ரொம்ப இறுக்கவும் கூடாது. டைனமோ பின்முனையின் புஷ் தேய்ந்துவிடும்.

5. சிவப்பு விளக்கைப் படியுங்கள்

டேஷ்போர்டில் உள்ள சார்ஜிங் விளக்கை ‘எரிந்தால் கெட்டது, அணைந்தால் நல்லது’ என்று மட்டும் பார்ப்பது தப்பு. அதன் ஒரு பக்கம் சாவி வழியாக வரும் பேட்டரி மின்சாரம், மறுபக்கம் டைனமோ. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அணையும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு எரியும். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஐடிலில் மினுக்கி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அணைந்தால் டைனமோ வண்டிக்கு அது இயல்பு. ஐடிலில் டைனமோ சார்ஜ் செய்யாது.

எவ்வளவு வேகம் கொடுத்தாலும் ஒரே அளவில் எரிந்தால் டைனமோவிலிருந்து ஒன்றும் வரவில்லை. பெல்ட், கார்பன், வயர் என்று தேடுங்கள்.

ஓட்டும்போது இருட்டில் மட்டும் தெரியும்படி மங்கலாகச் சிவந்தால், சார்ஜ் ஏறுகிறது, ஆனால் வழியில் எங்கோ வோல்ட்டேஜ் விழுகிறது. லூஸ் கனெக்‌ஷன் அல்லது அழுக்கடைந்த கட்அவுட் பாயிண்ட் (கட்அவுட் என்பது கண்ட்ரோல் பாக்ஸில் டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்).

சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பைப் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் டைனமோ வண்டியில் உடனே பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். கட்அவுட் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒட்டினால் நிறுத்திய வண்டியில் பேட்டரி டைனமோவை மோட்டாராக ஓட்டப் பார்க்கும், வயர் கருகும்.

கடைசியாக, என்னை ஆறு வாரம் அலையவிட்டது. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது விளக்கு மங்கி அணைந்தது. மேலும் மிதித்ததும் மறுபடி எரியத் தொடங்கியது. வேகம் கூடக் கூட இன்னும் பிரகாசமாக. பானெட் பக்கம் சூடான வார்னிஷ் வாசனை. இதற்கு அர்த்தம் ஒன்றுதான்: டைனமோ நன்றாகவே மின்சாரம் தருகிறது, பேட்டரியை விட மிக அதிக வோல்ட்டேஜில் தருகிறது, ஆனால் கட்அவுட் மூடாததால் அது பேட்டரிக்குப் போகவில்லை. கண்ட்ரோல் பாக்ஸில் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய ரெகுலேட்டரும் அதைக் கட்டுப்படுத்தவில்லை. இந்த அறிகுறி தெரிந்தால் எஞ்சினை உடனே அணையுங்கள். அப்படியே ஓட்டினால் டைனமோவின் ஃபீல்டு காயில் (காந்தத்தை உண்டாக்கும் சுருள்) கருகும். என்னுடையது கருகியது அப்படித்தான். ரீவைண்டிங் தேவைப்பட்டது கோளாறால் அல்ல, கோளாறோடு ஓட்டியதால்.

6. எர்த்: இங்கே அவசரப்படாதீர்கள்

லேண்ட் ரோவரின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை, சேஸியும் டேஷ்போர்டுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரும் இரும்பு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரில் மின்சாரம் போகாது. எனவே எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவில் ஒரு பின்னல் பட்டை இருந்தே ஆக வேண்டும். கிளட்ச் மாற்றிய யாரோ அதைத் திரும்பப் போடாமல் விட்ட வண்டிகள் நிறைய. அப்போது செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகப் போகும். அந்தக் கேபிள் சூடாகிறதா என்று பாருங்கள்.

சோதனை எளிது. எஞ்சின் வேகமான ஐடிலில், ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை டைனமோ உடலிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது, பேட்டரியின் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து எங்கே விழுகிறது என்று பிடியுங்கள். டைனமோவோ ஆல்டர்னேட்டரோ, லைவ் பக்கத்திலும் (எர்த் அல்லாத பக்கம்) இதே முறைதான். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

கண்ணால் பார்த்து எர்த்தை நம்பாதீர்கள். என் வண்டியில் அந்தக் கறுப்பு வயரின் நட்டை மூன்று பேர் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்த்து ‘டைட்டாத்தான் இருக்கு’ என்றார்கள். இறுக்கமாகத்தான் இருந்தது. லக்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்கப் பச்சை, அது உட்கார்ந்த இடத்தில் பெயிண்ட். கழற்றி, இரண்டு பக்கமும் உலோகம் மின்னும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். ஒரு எர்த்துக்குப் பத்து நிமிடம். எல்லா எர்த்தையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

7. டைனமோ தனியாக வேலை செய்கிறதா?

பெரும்பாலும் லூகாஸ் சி39 அல்லது சி40 இருக்கும். சி39 தருவது 19 ஆம்பியர், சி40 தருவது 22. பின்னால் இரண்டு முனைகள்: பெரியது டி, சிறியது எஃப்.

இரண்டு வயரையும் கழற்றி டேப் சுற்றுங்கள். டி-யையும் எஃப்-ஐயும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். மீட்டரின் ஒரு முனை அந்த வயரில், மறுமுனை டைனமோ உடலில். எஞ்சினை ஐடிலில் விட்டு மெதுவாக வேகம் கூட்டுங்கள். மீட்டர் துள்ளாமல் சீராக 15 வோல்ட்டைத் தாண்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். 20-க்கு மேல் போகவிடக் கூடாது, எஞ்சினை உறும விடவும் கூடாது. இங்கே கட்டுப்படுத்த எதுவும் இணைப்பில் இல்லை.

அரை வோல்ட், ஒரு வோல்ட் மட்டும் வந்தால் ஃபீல்டு பக்கம் கோளாறு. எஃப் முனைக்கும் உடலுக்கும் நடுவே 6 ஓம் அளவில் இருக்க வேண்டும். நான்கைந்து வோல்ட்டில் நின்றுவிட்டால் உள்ளே சுழலும் சுருளான ஆர்மேச்சரைச் சந்தேகியுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் கார்பன். ஸ்பிரிங்கைத் தூக்கினால் கார்பன் தன் கூட்டில் வழுக்கி இறங்க வேண்டும். சிக்கியிருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். கம்யூட்டேட்டர் (கார்பன் உரசும் செம்பு வளையம்) கறுத்திருந்தால் அதே துணியால் துடைத்து, தேவைப்பட்டால் மெல்லிய உப்புத்தாள். எமரித் தாள் வேண்டவே வேண்டாம். அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனைத் தின்றுவிடும்.

பின்முனையில் எண்ணெய் விட ஒரு துளை இருக்கும். சில சொட்டு எஞ்சின் ஆயில். அதிகம் விட்டால் கம்யூட்டேட்டரில் இறங்கும்.

ரீவைண்டிங்குக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: மேஜையில் ஓட்டிப் பார்த்த அளவு எழுதிய சீட்டு, கழற்றிய பழைய பாகங்கள். எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

8. கண்ட்ரோல் பாக்ஸ்

டைனமோ தேறிவிட்டது, வயர்கள் இரண்டும் முனைக்கு முனை தொடர்பில் இருக்கின்றன என்றால் அடுத்தது இது. இரண்டு சுருள் உள்ளது ஆர்பி106. ஒன்று கட்அவுட், மற்றது ரெகுலேட்டர். முனைகள் ஏ, ஏ1, எஃப், டி, இ. இந்த ‘இ’ முனைதான் எர்த். அதற்கு எர்த் கிடைக்கவில்லை என்றால் இரண்டு சுருளும் செத்தது போலத்தான், ஐந்தாம் படியின் கடைசியில் சொன்ன அறிகுறி வரும். எனவே பெட்டியைத் தொடுமுன் ‘இ’ முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். என்னுடையதில் எண் நிலையில்லாமல் தாவிக்கொண்டே இருந்தது.

அது சரியாக இருந்தால் பாயிண்டுகளைச் சுத்தம் செய்யலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கட்அவுட் பாயிண்டில் மெல்லிய உப்புத்தாள், ரெகுலேட்டர் பாயிண்டில் மெல்லிய கார்போரண்டம் கல், பிறகு ஸ்பிரிட்டால் துடைப்பு.

வோல்ட்டேஜ் பார்க்க, ஏ, ஏ1 வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து டேப் சுற்றுங்கள். அவற்றில் பேட்டரி மின்சாரம் இருக்கிறது, உலோகத்தில் பட்டால் பொறி பறக்கும். மீட்டரை டி-க்கும் இ-க்கும் நடுவே வைத்து எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டினால், ஏறி வந்த எண் 16 வோல்ட்டை ஒட்டி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஏறினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்வதென்றால் அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். சுருள் சூடாகிவிட்டால் அளவு பொய் சொல்லும். கட்அவுட் 13 வோல்ட் அருகில் மூட வேண்டும்.

மூன்று சுருள் உள்ள ஆர்பி340-ஐ நீங்களே திருப்ப முயல வேண்டாம். அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

புதிதாகக் கிடைக்கும் கண்ட்ரோல் பாக்ஸ்களின் தரம் ஒன்றுபோல இருப்பதில்லை. வண்டியோடு வந்த பழைய லூகாஸ் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மின்பாகம் என்பதால் ஒருமுறை பொருத்தியதைப் பொதுவாகத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

9. டைனமோ மாற்றினால், எர்த்தை மாற்றினால்

கழற்றிப் போட்ட டைனமோ எந்த முனை எர்த் என்பதைத் தன் காந்தத்தில் வைத்திருக்கிறது. தப்பாக இருந்தால் தலைகீழாகச் சார்ஜ் செய்யும். அதனால் டைனமோவைப் பொருத்தியதும், அல்லது வண்டியின் எர்த்தை மாற்றியதும், எஞ்சின் ஓடாதபோது, எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். அவ்வளவுதான், பிறகு வயரைத் திரும்ப மாட்டுங்கள். முதல்முறை ஓடும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

10. ஆல்டர்னேட்டர் வண்டி என்றால்

சீரீஸ் 3-இல் பொதுவாக வருவது 34 ஆம்பியர் தரும் லூகாஸ் 16 ஏசிஆர். இதில் கட்அவுட் இல்லை, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது.

இங்கே அந்தச் சிவப்பு பல்பு வெறும் அறிவிப்பு அல்ல. சாவி போட்டதும் அதன் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போகும். 2.2 வாட் பல்பையே போடுங்கள். எல்இடி போட்டால் போதிய மின்சாரம் போகாது. இதற்காக நல்ல ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் உள்ள பிளக்கைப் பிடுங்குங்கள். தடித்த பிரவுன் வயரில் எப்போதும் பேட்டரி வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். மஞ்சள் கோடு போட்ட மெல்லிய பிரவுன் வயரைச் சாவி போட்டபின் எர்த்தில் தொட்டால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இரண்டும் சரி, பிளக்கைத் திரும்பக் குத்தி ஓட்டியும் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் வரவில்லை என்றால் அப்போதுதான் ஆல்டர்னேட்டர் குற்றவாளி. அதிலும் முதலில் கார்பனைப் பாருங்கள். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ‘சார்ஜ் வருதா பார்க்கிறேன்’ என்று யாராவது கை வைத்தால் தடுத்துவிடுங்கள். டயோடுகள் அந்த நொடியே போகும். கேபிளை மாற்றி மாட்டினாலும் அப்படித்தான். சேஸியில் வெல்டிங் வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா என்றால், கூடுதல் விளக்குகள் வைத்து இரவில் நிறைய ஓட்டுபவர்களுக்கு நான் சரி என்பேன். 22 ஆம்பியர் என்பது 264 வாட்தான், ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடினாலே பாதிக்கு மேல் போய்விடும். ஆனால் பிடிபடாத கோளாறுக்கு மருந்தாக அதைப் போடாதீர்கள். கெட்ட எர்த் அப்படியேதான் இருக்கும். டேஷ்போர்டில் பழைய அம்மீட்டர் இருந்தால் அதன் வழியாக ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அனுப்பாதீர்கள், சூடாகித் தீப்பிடிக்கலாம். கழற்றிய டைனமோவையும் கண்ட்ரோல் பாக்ஸையும் ரசீதுகளோடு ஒரு பெட்டியில் வைத்திருங்கள். விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.

11. முடிந்ததா என்று பார்க்க

எல்லாவற்றையும் மாட்டியபின் எஞ்சினைச் சூடாக்கி, வேகமான ஐடிலில் பேட்டரி முனைகளில் அளந்து எழுதுங்கள். பிறகு ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்டு மறுபடி அளந்து எழுதுங்கள். இரண்டாவது முறை 13-க்கு மேலேயே நின்றால் வண்டியை எடுக்கலாம். ஒரு வாரம் தினமும் காலையில், சாவி போடுமுன், பேட்டரியை அளந்து பாருங்கள். என் நோட்டில் அந்த வாரத்தின் ஏழு எண்களும் 12.6-க்குக் கீழே இறங்கவில்லை. எட்டாம் நாள் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை உள்ளே வைத்தேன்.